முதியோர் இல்லமும் அகத் தொலைக்காட்சியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் வடக்கனந்தலில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



புறநானூற்றின் 243ஆம் பாட்டு ஒரு முதியவரின் கூற்று. மணலிற் செய்த பாவைக்குப் பூச்சூட்டிய மகளிரோடு கைகோத்து ஆடியதையும், நீரின்மேல் தாழ்ந்த மருதக் கிளையிலேறிக் கரையிலிருந்தோர் வியக்க மடுவிற் குதித்ததையும், ஆழத்திலிருந்து மணலை அள்ளிக் காட்டியதையும் அவர் நினைந்து பார்க்கிறார். இன்று கையிற் கோல். இருமலுக்கு இடையே சிலவாகிய சொற்கள். அந்த இளமை எங்கே போயிற்று என்று இரங்குகிறார்.

பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் கிடைக்கவில்லை. அவர் ஊன்றிய கோலைக் குறிக்கும் தொடரே பெயராகித் ‘தொடித்தலை விழுத்தண்டினார்’ என்று தொகுத்தோர் வழங்கினர். பெயர் போனாலும் கதை நின்றது. அவர் சொன்னபோது கேட்க ஒருவர் இருந்தார் என்பதே அதற்குக் காரணம்.

இன்றைய முதியோர் இல்லங்களில் நிலைமை இதற்கு மாறானது. அங்கே பெயர் இருக்கிறது. பதிவேட்டிலும் மருந்துச் சீட்டிலும் அது தவறாது எழுதப்படுகிறது. கதைதான் கேட்பாரற்றுக் கிடக்கிறது. இல்லத்துக்குள் மட்டும் ஒளிபரப்பாகும் சிறு தொலைக்காட்சி அலைவரிசை ஒன்று அக்குறையைப் போக்கக்கூடுமா, அதில் கவிஞர்க்கு என்ன கடமை என்பதே இவ்வுரையின் பொருள்.

கூடத்துப் பெட்டி

முதுமை இனி ஒரு சிறுபான்மையினரின் துயரன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டு மக்களில் நூற்றுக்கு 10.4 பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். இந்தியா முழுமைக்கும் அவ்விகிதம் 8.6. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டபோது, மாவட்டந்தோறும் வசதியற்ற முதியோர் குறைந்தது 150 பேர் தங்கத்தக்க இல்லம் வேண்டும் என்பதை அதன் 19ஆம் பிரிவு கூறிற்று. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் காலத்தில் இத்தகைய இல்லங்கள் பெருகுவது இயல்பே.

அவ்வில்லங்களில் பெரும்பாலும் தொலைக்காட்சிப் பெட்டி உண்டு. பொதுக் கூடத்தில், சுவரில் உயரத்தில் அது மாட்டப்பட்டிருக்கும். நாற்காலியில் அமர வல்லவர் கழுத்தை நிமிர்த்திப் பார்ப்பர். படுக்கையில் கிடப்பவர்க்கு ஓசை மட்டும் வந்து சேரும். எந்த நிகழ்ச்சி என்பதை ரிமோட்டைக் கையில் வைத்திருப்பவர் தீர்மானிப்பார். அத்திரையில் தோன்றும் ஒருவரையும் அங்குள்ளோர் அறியார். அவ்வொருவரும் அங்குள்ளோரை அறியார். பார்க்கும் வேலை இவர்களுடையது, பார்க்கப்படும் பேறு பிறருடையது என்ற பிரிவினை அங்கே நாள்தோறும் நிகழ்கிறது.

இதில் தொலைக்காட்சியின் குற்றம் ஒன்றுமில்லை. சென்னையில் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கியது. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தால் அது குடிசைக்குள்ளும் நுழைந்தது. தனித்திருக்கும் முதியவர்க்கு ஒரு மனிதக் குரலையேனும் அது தருகிறது. ஆயின் குரல் ஒரு திசையில் மட்டும் வருகிறது. அத்திசையைச் சிறிது நேரமாவது திருப்ப இயலுமா என்பதே வினா.

முன்னோடிகள்

திசையைத் திருப்பும் முயற்சி புதியதன்று. சென்னையில் 1924இல் தொடங்கிய வானொலிக் கழகத்தின் ஒலிபரப்பு மூன்றாண்டில் நின்றபின், மாநகராட்சி அப்பணியை ஏற்று 1930 முதல் நடத்திற்று. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. பெட்டி வாங்க இயலாதவரும் கேட்டனர். இங்கிலாந்தில் யார்க் நகர மருத்துவமனையில் 1920களின் நடுவிலேயே படுக்கைதோறும் செவிக்கருவி அமைத்து நோயாளிகளுக்கென வானொலி நடத்தப்பட்டது. நடக்க இயலாதவரிடம் நிகழ்ச்சி நடந்து செல்லவேண்டும் என்ற எண்ணம் அங்கே செயல் வடிவு பெற்றது.

நம் நாட்டில் 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் உதவியால் ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 ஊர்களுக்குத் தொலைக்காட்சி காட்டப்பட்டது. தமிழ்நாடு அவ்வாறில் ஒன்றன்று. அதே காலத்தில் குசராத்தின் கேடா மாவட்டத்தில், பீஜ் என்ற சிற்றூரில், சிறு ஒளிபரப்பி ஒன்றைக்கொண்டு விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் உள்ளூர் நிகழ்ச்சிகளை வழங்கினர். ஊராரே நடித்தனர், பேசினர். வட்டார வழக்கே மொழியாயிற்று. கூலி, தீண்டாமை, கடன் ஆகியவையே பொருளாயின. யுனெசுகோவின் ஊரகத் தொடர்புப் பரிசு 1984இல் அத்திட்டத்துக்குக் கிடைத்தது. ஓர் ஒளிபரப்பு சிறியதாயிருப்பதே அதன் வலிமையாகலாம் என்பதற்குக் கேடா சான்று.

இவற்றினும் இப்பொருளுக்கு நெருங்கியது கனடா நாட்டு நிகழ்ச்சியொன்று. நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பாலுள்ள போகோ தீவின் மீனவர்களை வேற்றிடத்துக்குக் குடிபெயர்ப்பது பற்றி அரசு எண்ணியிருந்த வேளையில், 1967இல், காலின் லோ என்ற இயக்குநர் அம்மீனவர் பேச்சை இருபதுக்கும் மேற்பட்ட சிறு படங்களாக எடுத்தார். ஒவ்வொரு படமும் முதலில் அதிற் பேசியவருக்கே காட்டப்பட்டது. அவர் ஒப்பிய பின்னரே பிறர்க்குக் காட்டப்பட்டது. ஒருவரோடொருவர் பேசாதிருந்த ஊர்கள் படத்தின்வழி ஒன்றையொன்று கேட்டன. ஆட்சியாளரும் பார்த்தனர், மறுமொழியும் படமாகவே வந்தது. தீவு மக்கள் இடம் பெயரவில்லை. கூட்டுறவுச் சங்கம் கண்டு அங்கேயே வாழ்ந்தனர். பேசியவர் முதலில் பார்த்து ஒப்பவேண்டும் என்ற அந்த ஒழுங்கு, முதியோர் இல்லத்து அலைவரிசைக்கு உயிர்நிலையாகும்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் இதன் இன்னொரு வடிவத்தை அறியும். 1990களில் கேபிள் இணைப்புத் தந்தவர்கள் தம் அறையில் ஒரு வீடியோ பெட்டியை வைத்து உள்ளூர் அலைவரிசை நடத்தினர். மாலையில் ஒரு திரைப்படம் ஓடும். அடியில் திருமண வாழ்த்தும் பொங்கல் வாழ்த்தும் கண்ணீர் அஞ்சலியும் எழுத்தாய் ஊர்ந்து செல்லும். படத்தைவிட அவ்வெழுத்தையே ஊர் கூர்ந்து பார்த்தது. தெரிந்த பெயர் திரையில் வருவதன் ஈர்ப்பு அத்தகையது. 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் தொடங்கிய சமுதாய வானொலியும் அவ்வழிப்பட்டதே.

அமைக்கும் முறை

இத்தகைய அலைவரிசையை ஓர் இல்லத்தில் அமைப்பது பெருஞ்செலவுக்கோ பெருங்கல்விக்கோ உரியதன்று. படமும் ஒலியும் தரும் கணினியையோ இயக்கியையோ மாடுலேட்டர் என வழங்கும் சிறு பெட்டியோடு இணைத்தால், அது அவற்றை ஒரு தனி அலைவரிசையாக மாற்றித் தரும். ஏற்கெனவே அறைகளுக்குச் செல்லும் கேபிள் கம்பியிலேயே அதையும் சேர்த்து விடலாம். வெளியலைவரிசைகள் பல எண்களிலும் இல்லத்தின் அலைவரிசை ஓர் எண்ணிலும் வரும். எண்ணியல் முறைப் பெட்டிகளில் அலைவரிசைகளைத் தேடிப் பதியச் செய்தால் அது பட்டியலில் தோன்றும். கம்பியை இரண்டாகப் பிரிக்குந்தோறும் ஆற்றல் பாதியாகும் ஆதலின், அறைகள் பலவாயின் இடையில் ஒரு பெருக்கி வேண்டும். அஃதின்றேல் கடைசி அறைக்குப் புள்ளி மழைதான் சென்று சேரும். நகர இயலாதவர் பெரும்பாலும் கடைசி அறையிலேயே இருப்பர் என்பதால் சோதனையை அங்கிருந்தே தொடங்கவேண்டும்.

மலையடிவாரத்தில் இடியும் மின்தடையும் மிகுதி. ஆகவே மண்ணிணைப்பும் மின்சேமிப்பும் இன்றியமையாதவை. அறைகளில் கம்பியே இல்லாத இல்லத்தில் ஒவ்வொரு பெட்டியிலும் பென்டிரைவைச் செருகிக் குறித்த நேரத்தில் இயக்குவதாலும் தொடக்க காலத்தை ஓட்டலாம். படம் எடுப்பதற்குக் கைப்பேசி போதும். ஒலிக்கு மட்டும் சட்டையிற் செருகும் ஒலிவாங்கி ஒன்று தேவை. முதியவரின் தாழ்ந்த குரலைத் தொலைவிலிருக்கும் கைப்பேசி பிடிக்காது.

கண்ணும் செவியும்

கருவியைக் காட்டிலும் கருதத்தக்கது காண்போரின் உடல்நிலை. முதுமையில் முதலில் குறைவது உயர்ந்த சுருதியோசையைக் கேட்கும் ஆற்றல். அதனால் மெய்யொலிகளின் வேறுபாடு மங்கும். பேச்சு காதில் விழும், சொல் விளங்காது. ஒலியைக் கூட்டுவதால் அது தீராது. நிறுத்திப் பேசுவதும், முகம் தெரியப் பேசுவதும், பின்னணி இசையை அறவே விடுவதும் பயன் தரும். கண்வில்லை மஞ்சள் பூத்தவர்க்கு நீலமும் பச்சையும் ஒன்றாய்த் தோன்றும்; கரிய பின்புலத்தில் பெரிய வெள்ளெழுத்தே அவர்க்குத் தெளிவு. காட்சிகள் விரைந்து மாறலாகாது. படுத்திருப்பவர் கண்மட்டத்துக்குப் பெட்டி இறங்கவேண்டும்.

நினைவு தளர்ந்தவர்க்கு ஒழுங்கே மருந்து. நாள்தோறும் அதே நேரத்தில், அதே முகம், அதே வணக்கத்தோடு தொடங்குதல் வேண்டும். புதுமை தேடும் வெளித் தொலைக்காட்சியின் இலக்கணம் இங்கே செல்லாது; திரும்பத் திரும்ப வருவதே இங்கு அழகு. பல்லவியின் சுவையறிந்த கவிஞர்க்கு இதை விளக்கவேண்டியதில்லை.

ஒரு நாளின் நிரல்

காலையில் கால் மணி நேரம்: இன்று என்ன கிழமை, என்ன தேதி, வானிலை எப்படி, அடுப்பில் என்ன, மருத்துவர் வருவாரா, யாருக்குப் பிறந்தநாள். இவை சிறு செய்திகளே. ஆயினும் தன் நாளைத் தானறிந்து தொடங்குவதற்கும், ஒருவர் வந்து எழுப்பும்வரை காத்திருப்பதற்கும் இடையே ஒரு மனிதனின் மதிப்பு இருக்கிறது. பிற்பகலில் அரை மணி நேரம் வாசிப்பு. மாலையில் இல்லத்தவருள் ஒருவர் பேசும் கால் மணி நேரம். இம்மூன்றும் போதும். மற்றை நேரம் பெட்டி ஓய்ந்திருக்கலாம்.

மாலைப் பேச்சுக்குப் பொருள் கிடைக்குமா என்ற ஐயம் எழலாம். வடக்கனந்தலைச் சூழ்ந்த நிலத்தை நோக்கினால் அவ்வையம் தீரும். கோமுகி அணை 1965இல் எழுந்தது. அன்று இருபது வயதினராயிருந்தவர் இன்று எண்பது வயதினர். அணைக்கு முன் ஆறு எப்படி ஓடிற்று, எந்த வாய்க்கால் எதை நனைத்தது, கரும்பு வருமுன் அந்நிலத்தில் என்ன விளைந்தது, கச்சிராயபாளையத்துச் சர்க்கரை ஆலைக்கு முதல் வண்டி எப்படிச் சென்றது என்பன அவர்கள் நெஞ்சில் உள்ளவை. மேலே கல்வராயன் மலையில் சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் ஆகிய மூன்று சாகீர்களின் ஆட்சி 1976 வரை நீடித்தது. அரசுக்கன்றிச் சாகீர்தாருக்கு வரி கொடுத்த நாளை நேரில் அறிந்தோர் இன்னும் சிலர் உளர். சாமையும் தேனும் கடுக்காயும் சுமந்து மலைவழி இறங்கி வந்த சந்தை நாள்களை அவர்களே சொல்ல வல்லவர்.

இவ்வூரில் பிறந்து இவ்வூரிலேயே முதிர்ந்த ஒருவர், இருந்த இடத்தைவிட்டு அசையாமலே மூன்று மாவட்டங்களில் வாழ்ந்திருக்கிறார்: 1993 வரை தென்னார்க்காடு, பின் விழுப்புரம், 2019 நவம்பர் முதல் கள்ளக்குறிச்சி. முகவரி இரண்டு முறை மாறியதைப் பதிவேடு காட்டும். வீட்டுத் திண்ணையிலிருந்து இல்லத்துக் கட்டிலுக்கு மாறியதே அவர் அறிந்த ஒரே இடப்பெயர்ச்சி என்பதை அவர்தான் காட்டவேண்டும்.

மறைவுச் செய்தி

இனி, கூறத் தயங்குவதாயினும் கூறாது விடமுடியாத ஒன்று. முதியோர் இல்லத்தில் இறப்பு அடிக்கடி வரும் விருந்து. அதனை மறைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இரவோடு இரவாக உடல் அகற்றப்படும். காலையில் கட்டிலில் புது விரிப்பு இருக்கும். கேட்டால் ஊருக்குப் போயிருக்கிறார் என்ற விடை வரும். மற்றவர் மனம் தளரக்கூடாது என்ற நல்லெண்ணமே இதற்குக் காரணம். ஆயின் எண்பது வயதினர் எதையும் அறியாதவரல்லர். வெறுங்கட்டிலைப் பார்த்ததும் அறிகின்றனர். தமக்கும் இவ்வாறே விரிப்பு மாறும், ஒரு சொல்லும் சொல்லப்படாது என்பதையும் சேர்த்தே அறிகின்றனர். மறைத்தலால் அச்சம் குறையவில்லை. துக்கம் கொண்டாட இருந்த உரிமைதான் போயிற்று.

அகத் தொலைக்காட்சி இருப்பின், அன்று காலை வணக்கத்துக்குப் பின் மறைந்தவரின் பெயரைச் சொல்லலாம். சில திங்கள்களுக்கு முன் அவர் பேசிய மாலைப் பேச்சை, அவர் முன்பே ஒப்பியிருந்தால், மீண்டும் காட்டலாம். மடுவிற் குதித்து மணல் அள்ளிய கதையை அவரே சொல்ல, உடனிருந்தோர் கேட்டு விடை தரலாம். ஊரில் பறை முழங்கி வழியனுப்பும் மரபினர்க்கு அவ்வளவேனும் உரியது. இந்த ஒன்றுக்காகவே அவ்வலைவரிசை தகும்.

உள்ளே பெயர், வெளியே பெயரின்மை

அக இலக்கியத்தில் தலைமக்களின் பெயர் சுட்டுதல் மரபன்று. புறத்தில் பெயர் விளங்கும். முதியோர் இல்லத்து அலைவரிசைக்கு இம்முறையைச் சற்றே மாற்றி அமைத்துக்கொள்ளவேண்டும். இல்லத்துக்குள்ளே முழுப்பெயர், முழு முகம், முழுக் கதை. வெளியே ஒன்றும் செல்லலாகாது. இதுவே முதல் விதி.

இதனை வற்புறுத்தக் காரணம் உண்டு. கைப்பேசியில் எடுத்த படத்தை ஒரு நொடியில் உலகுக்கு அனுப்ப இயலும். நன்கொடை வேண்டி நிற்கும் இல்லத்துக்கு, கண்ணீர் மல்கும் முதியவளின் முகம் கைக்கெட்டும் கருவி. நடத்துவோர் நல்லவராயினும் அந்த ஆசை வரும். ஆனால் அங்கிருப்போருள் பலர், பிள்ளைகள் உயிரோடிருந்தும் இல்லத்துக்கு வந்த செய்தியை உறவினர்க்கு மறைத்திருப்பவர். மகனை விட்டுக்கொடுத்துப் பேச மனமில்லாதவர். நான்கு சுவருக்குள் தம்மை ஒத்தவர் கேட்கச் சொன்னது தெருவுக்குப் போனால், மறுநாள் அவர் வாய் திறவார். அவரைக் கண்ட மற்றவரும் திறவார். அலைவரிசை அன்றே இறந்துபடும்.

ஆகவே பேசியவர் முதலில் பார்த்து ஒப்பவேண்டும். ஒப்பியதை எந்நாளும் திரும்பப் பெறலாம். பேச விரும்பாதவரை வற்புறுத்தலாகாது. நினைவு தளர்ந்தவரைக் காட்சிப் பொருளாக்கலாகாது. பேசாதிருத்தலும் ஒரு நிகழ்ச்சியே என்று கொள்ளும் பொறுமை வேண்டும்.

உரிமை பற்றிய செய்தியும் ஒன்றுண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, விடுதி அறைகளுக்குக் கம்பிவழி படம் காட்டுதலும் பொதுமக்களுக்கு வழங்குதலாகவே கருதப்படும். ஆகவே திரைப்படங்களை எடுத்து ஓட்டுதல் தகாது, உரிமம் வேண்டும். இத்தடை ஒருவகையில் நன்மையே. பிறர் படத்தை நாடாமல் தம் பேச்சை நாடும்படி அது தள்ளுகிறது. வாசிப்புக்கோ தமிழில் பஞ்சமில்லை. பாரதியின் எழுத்துகள் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1949இல் நாட்டுடைமையாயின. பாடல்களின் இசைத்தட்டு உரிமையை வைத்திருந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் ஈடு பெறாது வழங்கினார். அதன்பின் நாட்டுடைமையான நூல்கள் பல. அவற்றை எந்தக் கூடத்திலும் தடையின்றிப் படிக்கலாம்.

கவிஞர் கடன்

பத்தாண்டுக் காலம் திங்கள்தோறும் கூடிக் கவிதை படித்த ஒரு வட்டத்திடம் இப்பொருளைப் பேசுவதற்குக் காரணம், கருவியைப் பற்றிய அறிவு பிறரிடம் உண்டு, கேட்கும் பயிற்சி கவிஞரிடமே உண்டு என்பதுதான். மாடுலேட்டரைக் கடையில் வாங்கலாம். கம்பியைக் கேபிள்காரர் இழுத்துத் தருவார். ஒரு முதியவர் இருமலுக்கிடையே நிறுத்தும்போது, அவ்விடைவெளியை நிரப்பிவிடாமல் காத்திருக்கத் தெரிந்த ஒருவர் எதிரே அமரவேண்டும். எந்தச் சொல்லில் அவர் குரல் மாறிற்று என்று குறித்துக்கொள்ளத் தெரிந்தவர் வேண்டும். அரங்கேறக் காத்திருக்கும் கவிஞர்க்கு, தாம் அரங்கேறாமல் பிறரை அரங்கேற்றும் பயிற்சி எளிதன்று. ஆயினும் தொகுத்தோர் இல்லையேல் தொடித்தலை விழுத்தண்டினார் இல்லை. அத்தொகுத்தோரின் பெயரை நினைப்பார் அரியர். அவர் பணியோ பல நூற்றாண்டாய் நிற்கிறது.

வட்டத்தின் பதினோராம் ஆண்டுக்கு இதைவிடப் பெரிய திட்டம் வேண்டியதில்லை. அருகிலுள்ள ஓர் இல்லம், திங்களுக்கு ஒரு பிற்பகல், உறுப்பினர் இருவர், ஒரு கைப்பேசி, ஓர் ஒலிவாங்கி, ஒரு குறிப்பேடு. முதல் மூன்று திங்களில் ஒன்றும் பதியாமல் பேசிப் பழகிவரலாம். பிறகு வாரத்துக்கு ஒரு கால் மணி நேரத்தில் தொடங்கலாம். முதல் நிகழ்ச்சிக்குத் தலைப்பு, வாழ்த்து, சிறப்பு விருந்தினர் எதுவும் வேண்டாம். இல்லத்தில் இருக்கும் ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும், அவரவர் சொன்னபடியே, நிறுத்தி நிதானமாக ஒருமுறை வாசித்தால் போதும். கடைசி அறையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பவர், தம் பெயர் கேட்டுத் திரும்பிப் பார்ப்பாரானால், அந்த அலைவரிசை தொடங்கிவிட்டது என்று பொருள்.